வரைபடத்தில் இல்லாத போல்ட்

சென்னையின் மேற்குப் புறநகரில், ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனை அருகே மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் நின்று நிமிர்ந்தால் மெட்ரோ பாலம் தெரியும். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர் நீளும் நான்காம் வழித்தடம் அது. அத்தகைய ஒரு திட்டத்தில் கூரைச் சட்டத்தின் ஒரு போல்ட்டை மாற்றுவதென்றாலும் அதற்கொரு வரைபடம், திருத்த எண், கையெழுத்து எல்லாம் வேண்டும். அதே சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் கிரில் பட்டறைகள் இருக்கின்றன. மொட்டைமாடி ஷெட், இரும்புப் படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, கடை உச்சியில் எழும் விளம்பரப் பலகையின் சட்டம் ஆகியவை அங்கேதான் உருவாகின்றன. அங்கே வரைபடம் என்பது சிமென்ட் தரையில் சாக்பீஸால் போட்ட கோடு. வேலை முடிந்து தரையைப் பெருக்கியதும் அந்த ஆவணமும் போய்விடும்.

தரைக் கோட்டை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. வேலையை முழு அளவில் தரையில் போட்டுப் பார்த்து வெட்டுவது கப்பல் கட்டும் தளங்களில் நெடுங்காலம் இருந்த வழக்கம். நீளம், சாய்வு, கோணம் மூன்றும் அதில் கச்சிதமாக வந்துவிடும். இரண்டு இரும்பு சேரும் இடம் மட்டும் வராது. அங்கே எத்தனை போல்ட், எந்த ரகம், வெல்டு எத்தனை மில்லிமீட்டர், முழு நீளத்துக்கா அல்லது விட்டு விட்டா என்பதைச் சாக்பீஸ் சொல்வதில்லை. அன்றைக்குப் பட்டறையில் எந்த வெல்டிங் ராடு இருக்கிறது, ஆள் எவ்வளவு களைத்திருக்கிறார், வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்துகிறார் என்பவை சேர்ந்து அதை முடிவு செய்கின்றன.

சிக்கல் சாக்பீஸோடு நிற்பதும் இல்லை. கணினியில் வரைந்து ஏ3 தாளில் அச்சிட்டுத் தரப்படும் சிறு கட்டுமான வரைபடங்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டு குறிப்புகள் பழக்கமானவை. ஒன்று ‘சுற்றிலும் வெல்டு செய்க’, மற்றொன்று ‘தகுந்த போல்ட் போடுக’. தூண் எந்தச் சேனல், உத்தரம் எந்த ஐ-பீம் என்று எடை வரை எழுதும் வரைபடம், சுமை கைமாறும் இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. இது சிக்கனமோ நேரமின்மையோ அல்ல. இணைப்பை வடிவமைப்பது பொறியாளரின் வேலை, அதைச் செய்து முடிப்பது மட்டுமே வெல்டரின், ஃபிட்டரின் வேலை. முதல் வேலையையும் இரண்டாமவர் தலையில் கட்டுவது தொழில்முறைத் தவறு. சட்டத்தில் அதற்குப் பெயர் இருக்கிறதோ இல்லையோ, அப்படித்தான் அதைச் சொல்ல வேண்டும்.

இது எந்த ஊரில் நடக்கிறது என்று பாருங்கள். பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966இல் போல்ட், நட்டு செய்யத் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்துகொடுக்கும் அளவுக்கு அந்தக் குழுமம் வளர்ந்தது. அம்பத்தூரில் 1949இல் வந்த டி.ஐ. சைக்கிள்ஸ், ஆவடியில் 1955இல் வந்த டியூப் புராடக்ட்ஸ் ஆகிய இரண்டின் வரலாறும் இணைப்பின் வரலாறுதான். சைக்கிள் சட்டத்தின் மூலைகளில் லக் பொருத்திப் பித்தளையை உருக்கிப் பிணைப்பது ஒரு கலை. எஃகுத் தகட்டை உருட்டி, விளிம்பில் மின்சாரம் பாய்ச்சி ஒட்டிக் குழாயாக்குவது இன்னொரு கலை. 1961இல் அமைந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா முதல் அர்ஜுன் வரை டாங்கிகளைச் செய்தது. கவச எஃகை வெல்டு செய்வது சாதாரண வேலையல்ல, குளிரும் வேகம் தப்பினால் வெல்டின் ஓரத்தில் விரிசல் விடும். பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த ஐ.சி.எஃப்., சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத் தொழில்நுட்பத்தோடு முழுக்க வெல்டு செய்த எஃகு ரயில் பெட்டிகளைக் கட்டியது. அடிச்சட்டம், பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒரே கூடாகிச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பு அது. இணைப்பை இவ்வளவு ஆழமாக அறிந்த வட்டாரம் நாட்டில் அதிகமில்லை. அந்த அறிவு ஆலைச் சுற்றுச்சுவரைத் தாண்டித் தெருவுக்கு வரவில்லை என்பதுதான் குறை.

ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் வெல்டிங்கின் இயல்பிலேயே இருக்கிறது. பழைய பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அது ரிவெட் காலத்து வேலை. ரிவெட் வரைபடத்தில் ஒவ்வொரு ரிவெட்டும் ஒரு வட்டம். இடைவெளி எவ்வளவு, எத்தனை வரிசை என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மேற்பார்வையாளர் தாளில் எண்ணுவார், பிறகு பாலத்தில் எண்ணுவார், குறைந்தால் கேட்பார். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் எஃகு இணைப்புகள் வெல்டு செய்யப்பட்டவை. அங்கே வட்டங்கள் இல்லை. ஒரு அம்புக்குறி, ஒரு கிடைக்கோடு, அதன் மேலோ கீழோ ஒரு சிறு முக்கோணம், பக்கத்தில் ஓர் எண். அவ்வளவுதான் வெல்டு. அந்தக் குறியை வரைய மறந்தால் வரைபடம் அசிங்கமாகத் தெரியாது, யாருக்கும் உறுத்தாது. பெரிய திட்டங்களில் அதைத் தேடிப் பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். புதிய பாம்பன் பாலத்தையே ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 2024 நவம்பரில் ஆய்வு செய்து, வடிவமைப்பு, தயாரிப்பு நடைமுறைகள் பற்றிக் கேள்வி எழுப்பினார். மொட்டைமாடி ஷெட்டுக்கு ஆணையர் வரமாட்டார்.

இன்னொரு காரணம் வகுப்பறையில் இருக்கிறது. ஐயப்பன்தாங்கலைச் சுற்றிப் போரூர், பூந்தமல்லி, தண்டலம், திருவேற்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு பொறியியல் கல்லூரிப் பேருந்து எதிரே வரும். முதலாண்டில் எல்லோரும் வரைகலை படிக்கிறார்கள். நீள்வட்டம், பரவளையம், சாய்ந்து நிற்கும் பட்டகம், வெட்டுமுகம் என்று ஒரு பருவம் முழுக்க ஓடும். கே.வி. நடராஜனின் பாடநூலைக் கட்டிக்கொண்டு இரவு விழித்தவர்கள் தமிழ்நாட்டில் பல்லாயிரம். பிறகு இயந்திரவியல் மாணவர்களுக்கு மட்டும் இயந்திர வரைபடப் பாடம் வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் வெல்டிங் குறிகள், ரிவெட் இணைப்புகள், சாவிகள், போல்ட் வகையறா எல்லாம் முதல் அலகின் ஒரே வரியில் அடங்கிவிட்டன. அதே அலகில் பொருத்த அளவுகளும் விலக்க அளவுகளும் சேர்ந்துகொண்டன. இணைப்பின் வலிமையைக் கணக்கிடும் பாடம் தனியே உண்டு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. கல்லூரியின் தரவு நூலைத் திறந்துவைத்துக்கொண்டு வெல்டு நீளத்தைத் தேர்வில் எல்லோரும் கண்டுபிடித்து எழுதிவிடுவார்கள். கணக்கில் வந்த விடையை வரைபடத்தில் குறியாக எழுதிக் கைமாற்றும் பழக்கம்தான் இடையில் தொலைந்துபோகிறது.

வெல்டு குறியின் பக்கத்தில் வரும் அந்த ஓர் எண் தப்பினால் என்ன ஆகும்? இரண்டு தகடுகள் செங்குத்தாகச் சேரும் மூலையில் போடும் முக்கோண வெல்டைப் பட்டறையில் ஃபில்லட் என்பார்கள். அதை அளக்க இரண்டு வழி உண்டு. தகட்டோடு ஒட்டிய பக்கத்தின் நீளம் லெக். மூலையிலிருந்து வெல்டின் முகம் வரை குறுக்காக அளப்பது த்ரோட். லெக் 6 மில்லிமீட்டர் என்றால் த்ரோட் சுமார் 4.2 மில்லிமீட்டர். சில நாட்டு வரைபடங்கள் லெக்கைச் சொல்லும், சில த்ரோட்டைச் சொல்லும். குறியில் ‘இசட்’ என்றோ ‘ஏ’ என்றோ முன்னொட்டு இருந்தால் குழப்பமில்லை. வெறும் ‘6’ என்று எழுதினால்? த்ரோட் 6 கேட்ட இடத்தில் லெக் 6 போட்டால் வலிமையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். லெக் 6 போதும் என்ற இடத்தில் த்ரோட் 6 போட்டால் உருக்க வேண்டிய உலோகம் இரு மடங்காகும். ராடு இரட்டிப்பு, நேரம் இரட்டிப்பு, சூடேறித் தகடு கோணிக்கொள்வது தனி. எண்ணே இல்லாத வரைபடத்தில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவது கூத்துதான். பயத்தில் கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். கூடுதல் வெல்டு கூடுதல் பாதுகாப்பு என்று வீட்டுக்காரர் நம்பிக் கைகொடுப்பார், கோணிய தூணைச் சம்மட்டியால் நிமிர்த்துவதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

ஆறு மில்லிமீட்டர் என்றதும் வெல்டிங் உலகம் நினைப்பது அலெக்ஸாண்டர் கீலண்டை. நார்வே பக்கத்து வட கடலில் எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கிய மிதக்கும் மேடை அது. 1980 மார்ச் 27 மாலை, புயலில் ஒரு கால் பிய்ந்துகொண்டு போக, மேடை கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். விசாரணை தேடிப்போய்ச் சேர்ந்த இடம் ஒரு பெரிய குழாய்ச் சட்டத்தில் ஒலியுணர்கருவி வைப்பதற்காக ஒட்டியிருந்த சின்னத் தாங்கி. அதைப் பிடித்திருந்த 6 மில்லிமீட்டர் ஃபில்லட்டில் விரிசல் இருந்தது, அலை அடிக்க அடிக்க அது பெரிய சட்டத்துக்குள் நடந்தது. அந்தத் தாங்கியை யாரும் முக்கியமான உறுப்பு என்று நினைக்கவில்லை. நம் தெருவில் கட்டி முடித்த தூணில் பின்னால் வந்து கேமரா கிளாம்ப், பேனர் கொக்கி, ஏ.சி. ஸ்டாண்டு என்று ஒட்டிக்கொண்டே போகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய கதை இது. சுமை தாங்கும் இரும்பில் வைக்கும் எந்த வெல்டும் சின்ன வெல்டு அல்ல.

போல்ட் விஷயம் இன்னும் எளிது, அதனாலேயே அலட்சியமும் அதிகம். ஹார்டுவேர் கடையில் ‘பதினாறு எம்எம் போல்ட் நாலு’ என்று கேட்டால் கிடைத்துவிடும். ஆனால் எம்16 என்பது பருமனை மட்டும்தான் சொல்கிறது. தலையில் 4.6 என்று பொறித்திருந்தால் அது சுமார் 6.4 டன் இழுப்பில் அறும். 8.8 என்றால் ஏறக்குறைய 12.8 டன் தாங்கும். முதல் எண்ணை 100ஆல் பெருக்கினால் அறும் தகைவு, இரண்டு எண்களையும் பெருக்கிப் பத்தால் பெருக்கினால் நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு என்று எளிய கணக்கு. தோற்றத்தில் இரட்டையர், பலத்தில் பாதி. கூடுதல் பலம் வேண்டும் என்று தெரிந்த மேஸ்திரி ‘டி.வி.எஸ். போல்ட்டே கொடுங்க’ என்று கேட்டு வாங்குவார். வரைபடம் சொல்லாததை அவருடைய அனுபவம் சொல்கிறது. அனுபவம் இல்லாதவர் மலிவானதை எடுத்துவருவார். வரைபடத்தில் எம்16க்குப் பக்கத்தில் 8.8 என்று எழுதத் தேவையான மை எவ்வளவு?

கண்ணளவை நம்பினால் என்ன நடக்கும் என்பதை விமானத் துறை ஒருமுறை வானத்தில் கற்றது. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிடுங்கிக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடல் வெளியே தொங்க, ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி தரையிறக்கினார். கேப்டன் பிழைத்தார். பறப்பதற்குச் சற்று முன் அந்தக் கண்ணாடியை மாற்றிய மேற்பார்வையாளர், உதிரிப்பாகப் பட்டியலைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருந்தார். 90 போல்ட்டுகளில் 84 தேவையைவிட 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை.

இவற்றையெல்லாம்விட வரைபடக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது கன்சாஸ் சிட்டி விபத்து. அமெரிக்காவின் அந்த நகரில் ஹயாத் ரீஜென்சி ஓட்டல் முகப்பு மண்டபத்தில் இரண்டு தொங்கு நடைபாதைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இறங்கி, மேல் நடைபாதையைக் கடந்து, கீழ் நடைபாதையையும் பிடிக்கும். மேல் நடைபாதையின் நட்டு அதன் சுமையை மட்டும் தாங்கும். அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டி நட்டை ஏற்றுவது தொல்லை என்று, தயாரிப்பு நிறுவனத்தின் தரப்பில் கம்பி இரண்டாக உடைக்கப்பட்டது. கூரையிலிருந்து ஒன்று மேல் நடைபாதை வரை, அங்கிருந்து இன்னொன்று கீழ் நடைபாதைக்கு. தாளில் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை, இரண்டு கம்பிகளுக்கும் இடையே சில அங்குலம் தள்ளல், அவ்வளவே. ஆனால் கீழ் நடைபாதை இப்போது மேல் நடைபாதையிலேயே தொங்கியது. மேல் உத்தரத்துக்கு அடியிலிருந்த நட்டு இரண்டு நடைபாதைகளின் சுமையையும் வாங்கியது. மாற்றிய வரைபடத்தில் பொறியாளரின் ஒப்புதல் முத்திரை விழுந்தது. 1981 ஜூலை 17 இரவு, நடன நிகழ்ச்சிக்குக் கூடியிருந்தவர்கள் மீது நடைபாதைகள் இரண்டும் இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தனர். மிசூரி மாநிலம் பொறுப்பான பொறியாளர்களின் உரிமத்தைப் பறித்தது. மாற்றத்தைக் கேட்டவர் வேறு, செய்தவர் வேறு என்ற வாதம் எடுபடவில்லை. இணைப்பின் பொறுப்பு பொறியாளருடையதே என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30 அன்று அறுந்த தொங்கு பாலம் 135 உயிர்களைக் கொண்டுபோனது. சிறப்புப் புலனாய்வுக் குழு அளித்த அறிக்கையில், வடத்தின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே அரித்துப்போயிருந்தன என்பது எல்லோரும் பேசிய தகவல். அதே அறிக்கையில் பேசப்படாத இன்னொரு வரி இருக்கிறது. புதுப்பிக்கும்போது பழைய தொங்குகம்பிகளோடு புதியவற்றை வெல்டு செய்திருந்தார்கள், அதனால் அவற்றின் இயல்பே மாறிவிட்டது. ஒற்றைக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுப் போட்ட கம்பி.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வரைபவர்களின் இணைப்புகளைப் பார்த்துப் பட்டறையில் சிரிப்பார்கள். ராடு நுழையவே முடியாத சந்தில் வெல்டு குறித்திருக்கும். ஸ்பானர் கால் சுற்றுகூடத் திரும்ப முடியாத இடத்தில் நட்டு இருக்கும். முதலில் ஒட்டிவிட்டால் இரண்டாவதை ஒட்ட வழியில்லாத வரிசையில் வேலை வரும். ‘இத வரைஞ்சவர வந்து ஒட்டச் சொல்லுங்க’ என்று ஃபோர்மேன் சொல்வது கோபத்தில் மட்டுமல்ல. திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. அந்த ஊரில் சிக்ஸ்-ஜி சான்றிதழ் வாங்கிய வெல்டர், 45 டிகிரி சாய்வில் திருப்ப முடியாமல் நிற்கும் குழாயைச் சுற்றி வந்து ஒட்டுபவர். அவரிடம் பொறியாளர் கற்க வேண்டியது நிறைய. ஆனால் இந்த வாதம், இணைப்பை வெல்டரிடமே விட்டுவிடுங்கள் என்று முடியாது. வரையும் முன் அவரிடம் கேளுங்கள், பிறகு வரையுங்கள் என்றுதான் முடியும். கேட்டு வரைந்ததை எழுத்தில் தந்தால், நாளை கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் வெல்டர் அல்ல.

மேற்குப் புறநகருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இங்குள்ள சிறு ஆலைகளுக்கு வேலை வருவது உள்ளூரிலிருந்து மட்டுமல்ல. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகள் வழியாகக் கொரிய, ஜப்பானிய, ஐரோப்பிய, அமெரிக்க வரைபடங்கள் வருகின்றன. கல்லூரியில் முதற்கோண வீழல் படித்த பையன் கையில் மூன்றாம் கோண வரைபடம் விழும், இடது வலது மாறும். ஐரோப்பிய முறையில் வெல்டு குறியின் கிடைக்கோட்டுக்குத் துணையாக ஒரு புள்ளிக்கோடு வரும், எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதை அது முடிவு செய்யும். அமெரிக்க முறையில் புள்ளிக்கோடு கிடையாது, குறி கோட்டுக்குக் கீழே இருந்தால் அம்பு தொடும் பக்கம், மேலே இருந்தால் எதிர்ப்பக்கம். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் வெல்டு தப்பான பக்கத்தில் விழும். அதோடு, பட்டறைகளில் இன்று ஒட்டுபவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் கணிசம். தமிழ் மேற்பார்வையாளர் வாயால் விளக்கிச் சமாளிக்கும் காலம் போய்விட்டது. எல்லோரும் படிக்கக்கூடியது தாளில் இருக்கும் முக்கோணமும் எண்ணும்தான். இந்தியத் தரநிலைகள் வெல்டு குறிகளுக்கு ஐ.எஸ். 813, போல்ட்டின் வலிமை வகுப்புகளுக்கு ஐ.எஸ். 1367 என்று எப்போதோ எழுதித் தந்துவிட்டன.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோது சென்னையில் பறந்த தகரக் கூரைகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பலத்த காற்றில் பல நேரம் தகரம் கிழிவதில்லை, அதைப் பிடித்திருக்கும் கொக்கி போல்ட்டும் வாஷரும் ஓட்டையும்தான் விட்டுக்கொடுக்கின்றன. உள்ளாட்சிகள் வீட்டின் திட்ட வரைபடத்தைக் கேட்கும்போது, ஆள் ஏறும் இரும்புப் படிக்கட்டு, மாடி ஷெட், தொட்டி ஸ்டாண்டு, விளம்பரப் பலகை ஆகியவற்றுக்கு ஒரு பக்க இணைப்புத் தாளையும் கேட்கலாம். போல்ட்டின் அளவும் வகுப்பும் எண்ணிக்கையும், வெல்டின் லெக் அளவும் நீளமும், தகரத்தைப் பிடிக்கும் திருகுகளின் இடைவெளி, வரைந்தவரின் கையெழுத்து ஆகியவை போதும். இதற்காகப் புதிய துறை எதுவும் வேண்டாம். கட்டணம் ஏறும் என்று புலம்புபவர்கள், இரு மடங்கு வெல்டுக்கு இப்போது தாங்கள் கொடுப்பதைக் கணக்குப் பார்க்கலாம்.

கல்லூரிகளுக்கு இன்னும் மலிவான வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அம்பத்தூர் போன்ற இடங்களின் அரசு ஐ.டி.ஐ.க்கும் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்கும் தூரம் ஒரு பேருந்துச் சீட்டு. மூன்றாம் பருவ மாணவர் ஒரு மாடிப்படி இணைப்பை வரைந்து அங்கே கொடுக்கட்டும். வெல்டர் மாணவர், வாய்வழி விளக்கம் எதுவும் கேட்காமல், தாளை மட்டும் பார்த்து அதைச் செய்யட்டும். பிறகு வெல்டைக் குறுக்கே அறுத்து, தேய்த்து, அமிலம் தடவினால் உலோகம் எதுவரை உருகி இறங்கியிருக்கிறது என்பது வெறும் கண்ணுக்கே தெரியும். வரைபடத்துக்கு மதிப்பெண் போடும்போது, தாளை வைத்து வேலை செய்ய முடிந்ததா என்று வெல்டர் மாணவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி, நூற்றுக்குப் பத்து மதிப்பெண்ணை அந்த வரிக்கு ஒதுக்கலாம்.